கிராபிக்ஸ் கார்டும் தேங்காய்க் காசும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆணி அதிகம். இப்ப வந்திருக்கிறதுக்குக் காரணம் ஒரு குழப்பம். எழுதிப் பார்த்தாலாவது தெளியுதான்னு ஒரு நப்பாசை. கொசுவத்தி கொஞ்சம் பலமாவே சுத்தும், பொறுத்துக்கங்க.

என் பொட்டியில இருக்கிறது ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016 ஜூலையில வந்த மாடல். எந்தக் குறையும் வைக்காம உழைச்ச மாடு அது. 2025 ஜூலை கடைசியில என்விடியாக்காரங்க ஒரு அறிவிப்பு விட்டாங்க. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா இந்த மூணு தலைமுறைக்கும் அக்டோபரோட கேம் டிரைவர் நிறுத்தம். அப்புறம் 2028 அக்டோபர் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருக்கா பாதுகாப்பு ஒட்டு மட்டும் வரும். நம்ம 1060 பாஸ்கல் வகையறா. அதே அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கும் மைக்ரோசாஃப்ட் மங்களம் பாடிடுச்சு. ஆக ஒரே மாசத்துல ரெண்டு சாவு.

அந்தப் பக்கம் பார்த்தா 2025 மார்ச்ல வந்த ஆர்டிஎக்ஸ் 5070. இந்தியாவுக்கு என்விடியா சொன்ன ஆரம்ப விலை 59,000 ரூபா. அந்தக் காசு கையில இல்லாம இருந்திருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. இருக்கு, அதுதான் பிரச்சனை. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா வந்து எங்க கறம்பக்குடி சுத்துப்பட்டு தோப்பையெல்லாம் படுக்க வச்சிட்டுப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறு வருஷம் வச்ச கன்னுங்க இப்பத்தான் உருப்படியாக் காய்க்குது. 2025ல தேங்காய் விலையும் நல்லா ஏறிச்சு. செலவெல்லாம் போக கையில நின்னது அறுபதாயிரத்துச் சொச்சம். தோப்பு மோட்டார் ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு, மூணாவது தடவை தாங்காதுன்னு மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டாரு. தங்கமணி ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "மோட்டாரா, பொம்மையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

பொம்மையாம்! ரோஷம் வந்துடுச்சு. கிராபிக்ஸ் கார்டு பொம்மைதானான்னு அதோட சரித்திரத்தைத் தோண்டிப் பார்க்க உட்கார்ந்துட்டேன்.

1981ல ஐபிஎம் தன்னோட முதல் பிசியை விட்டப்ப ரெண்டு கார்டுல ஒண்ணை எடுத்துக்கலாம். ஒண்ணு எம்டிஏ. எழுத்து அச்சடிச்ச மாதிரி தெளிவாத் தெரியும், ஆனா படம் வராது. இன்னொண்ணு சிஜிஏ. படம் வரும், 320க்கு 200 புள்ளி, மொத்தம் 4 கலர். எழுத்தைப் பார்த்தா கண்ணு வலிக்கும். ஆபீஸ்காரன் எம்டிஏ வாங்குவான், வீட்டுல விளையாடுறவன் சிஜிஏ வாங்குவான். கார்டு வாங்குறதுல குழப்பம் அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு.

இங்க உள்ள வர்றாரு ஒரு தாய்லாந்துக்காரர். வான் சுவன்னுகுல்னு பேரு. அமெரிக்காவுல முனைவர் பட்டத்துக்குப் படிச்சிட்டிருந்தவரு. ஆய்வேட்டுக்குத் தாய் எழுத்து வேணும். எம்டிஏ கார்டுல ஐபிஎம் பொரிச்சு வச்ச எழுத்தைத் தவிர வேற எதுவும் வராது. மேலேயும் கீழேயும் குறி போடற தாய் எழுத்துக்கு அங்க வழியே இல்லை. என்ன பண்ணினாரு? தானே ஒரு கார்டு செஞ்சாரு. 1982ல வந்த ஹெர்குலிஸ் கார்டு அதுதான். எம்டிஏ மாதிரியே தெளிவான எழுத்தும் வரும், 720க்கு 348 புள்ளியில கறுப்பு வெள்ளைப் படமும் வரும். உலகம் பூரா வித்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. பிசிக்கு வந்த பேர்பெற்ற கிராபிக்ஸ் கார்டுல ஒண்ணு, ஒருத்தன் தன் தாய்மொழியை (சிலேடை இல்லீங்க, தானா அமைஞ்சிடுச்சு) ஸ்கிரீன்ல பார்க்க ஆசைப்பட்டதால பிறந்திருக்கு. கேமுக்காக இல்லை.

நான் கம்ப்யூட்டர் கத்துக்கப் போன 90கள்ல எங்க சென்டர்ல இருந்ததும் ஹெர்குலிஸ்தான். ஆரஞ்சு கலர்ல மினுமினுன்னு ஒரு மானிட்டர். செருப்பை வெளியில கழட்டிட்டு ஏசி ரூமுக்குள்ள சாமி சன்னதிக்குப் போற மாதிரி போகணும். சார் டீ குடிக்கப் போன நேரத்துல பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. அது ஹெர்குலிஸ்லயே ஓடும். மத்த சில கேம் சிஜிஏ இல்லைன்னா முரண்டு பிடிக்கும். அதுக்கு 'சிம்சிஜிஏ'ன்னு ஒரு குட்டி புரோகிராம் இருந்துச்சு. அதை முதல்ல ஓட்டிட்டா ஹெர்குலிஸ் கார்டு சிஜிஏ வேஷம் கட்டும். படம் கொஞ்சம் நசுங்கின மாதிரி இருக்கும். இருந்தா என்ன? கார்டு மாத்த வக்கில்லாத ஊருல ஒரு குட்டி புரோகிராம்தான் எங்களுக்கு அப்கிரேடு. ஆறேழு பேருக்கு ஒரு பிளாப்பி, கை மாறிக்கிட்டே இருக்கும்.

நம்ம நாட்டுல சுவன்னுகுல் மாதிரி யாரும் இல்லையான்னு கேப்பீங்க. இருந்தாங்க. கான்பூர் ஐஐடியில மோகன் தாம்பேன்னு ஒருத்தர், அவரோட கூட்டாளிங்க. இந்திய எழுத்துக்களை ஸ்கிரீன்ல கொண்டு வர்ற ஆராய்ச்சி 80கள்ல அங்க நடந்துச்சு. 1988ல புனேயில சி-டாக் ஆரம்பிச்சப்புறம் அந்த வேலை அங்க போச்சு. அதுல விளைஞ்சதுதான் ஜிஸ்ட் கார்டு. பிசியைத் திறந்து ஸ்லாட்டுல சொருகினா டாஸ்ல ஓடற வேர்ட்ஸ்டார், டிபேஸ் எல்லாத்துலயும் இந்தி, தமிழ், தெலுங்கு எழுத்து வரும். அந்த புரோகிராமுக்கு தமிழ்னா என்னன்னே தெரியாது. எழுத்தைக் கோத்து, கொம்பு போட்டு, துணைக்கால் வச்சுக் காட்டற வேலை மொத்தத்தையும் கார்டே பார்த்துக்கும். எழுத்தைச் சேமிக்க இஸ்கின்னு ஒரு தரம். 1991ல அதை இந்தியத் தர நிர்ணயமாவே ஆக்கிட்டாங்க.

எல்லா இந்திய மொழிக்கும் ஒரே எண் வரிசைங்கிறதுதான் அதோட சூட்சுமம். இந்தியில அடிச்ச பேரை ஒரு சாவி தட்டினா தமிழ் எழுத்துல காட்டும். ரயில்வே, பேங்க் மாதிரி ஆளுங்களுக்கு ஜோரான விஷயம். நமக்குத்தான் கொஞ்சம் இடிச்சது. நம்மகிட்ட இருக்கிறது ஒத்தைக் 'க'. அவங்ககிட்ட நாலு. வரிசையோ அவங்க வரிசை. பின்னாடி யூனிகோடு வந்தப்ப 1988ம் வருஷத்து இஸ்கி வரிசையை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. இப்பவும் யூனிகோடு தமிழ்க் கட்டத்தைத் திறந்து பாருங்க, 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவுல மூணு காலிக் கட்டம் இருக்கும். அவங்களோட மிச்ச மூணு 'க'வுக்கான இடம் அது. ஜிஸ்ட் கார்டு பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு. அது போட்ட கோடு மட்டும் நாம அடிக்கிற ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலயும் இருக்கு.

கார்டு ஏன் போச்சு? அது பார்த்த வேலையை சாஃப்ட்வேர் எடுத்துக்கிச்சு. விண்டோஸ் வந்து, 1992ல ட்ரூடைப் எழுத்துரு வந்து, கடைக்குக் கடை ஒரு ஃபாண்ட்டு, ஆளுக்கு ஒரு குறியீடுன்னு ஆச்சு. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் மாநாடு போட்டு டாம், டாப்னு ரெண்டை ஒழுங்குபடுத்திப் பார்த்தாங்க. தமிழ்99 விசைப்பலகையும் அங்க வந்ததுதான். விண்டோஸ் 2000த்துல லதா எழுத்துருவோட தமிழ் உள்ளேயே வந்துடுச்சு. எக்ஸ்பியில சிடியைப் போட்டு ஒரு டிக் அடிச்சு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' ஏத்தணும், இல்லைன்னா எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். "உங்க பதிவு பொட்டி பொட்டியாத் தெரியுது"ன்னு பின்னூட்டம் வாங்காதவங்க நம்மில் யாரு? ஒரு காலத்துல காசு கொடுத்து கார்டு வாங்கிச் செஞ்ச வேலை, ஒரு டிக் அடிக்கிற வேலையா ஆயிடுச்சு.

சரி, கேமுக்கு வருவோம்.

கேம்ல நடந்தது இதுக்கு நேர் எதிர். 1993 டிசம்பர் 10ல டூம் வந்தப்ப அதுக்குன்னு தனி கார்டு எதுவும் வேண்டாம். 386 சிப்பும் 4 எம்பி ராமும் போதும். எல்லா வேலையும் சிபியுவே பார்த்துச்சு. அப்புறம் 3டிஎஃப்எக்ஸ்னு ஒரு கம்பெனி 1996ல வூடூ கார்டைக் கொண்டு வந்துச்சு. 4 எம்பி மெமரி. வேடிக்கை என்னன்னா அது 3டி மட்டும்தான் செய்யும். ஏற்கெனவே இருக்கிற கார்டையும் கழட்டக்கூடாது. அதுலேருந்து ஒரு ஒயர் வூடூவுக்கு, வூடூவுலேருந்து இன்னொண்ணு மானிட்டருக்கு. 1997 ஜனவரியில குவேக் கேமுக்கு ஜிஎல்குவேக் வந்துச்சு. அதை வூடூவுல பார்த்தவன் பழைய குவேக்கைத் திரும்பிப் பார்க்கலை. தண்ணிக்குள்ள இருக்கிறது வெளியேருந்து தெரியும், கிட்டப் போனா சுவர் புள்ளி புள்ளியா உடையாது. சாஃப்ட்வேர் செஞ்ச வேலையைப் பிடுங்கி கார்டுக்குள்ள வச்சதுல கிடைச்ச வெற்றி அது.

அதே சமயத்துல என்விடியா கிட்டத்தட்ட செத்துட்டிருந்துச்சுன்னா நம்புவீங்களா? 1993 ஏப்ரல்ல ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகோவ்ஸ்கி, கர்டிஸ் பிரீம் மூணு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. டென்னிஸ்ங்கிற சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்து திட்டம் போட்ட கதை பிரசித்தம். 1995ல வந்த அவங்களோட முதல் சிப் என்வி1, உருவங்களை வளைவான பரப்புகளா வரையும். கணக்குப்படி அழகான யோசனைதான். ஆனா மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸ்ல முக்கோணம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஊரெல்லாம் முக்கோணம் போடறப்ப இவங்க மட்டும் வளைவு போட்டா எவன் கேம் எழுதுவான்? சேகா கம்பெனிக்கு செய்யறதா ஒத்துக்கிட்ட சிப்பும் அதே வளைவு வழியில மாட்டிக்கிச்சு. ஹுவாங் நேராப் போய், "எங்களால முடியாது, தப்பான வழி, ஆனா காசு தரலைன்னா நாங்க மூடிடுவோம்"னு சொல்லியிருக்காரு. சேகா தரப்புல காசைக் கொடுத்தாங்களாம். இதை அவரே 2023ல தைவான் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுல சொன்னாரு. அந்தக் காசுல பொழைச்சு 1997ல விட்ட ரிவா 128தான் கம்பெனியைக் கரை சேர்த்துச்சு.

நான் என்வி1 வாங்கினவனைப் பத்தி யோசிக்கிறேன். புதுசு, நவீனம்னு காசைக் கொட்டி வாங்கியிருப்பான். ரெண்டே வருஷத்துல உலகம் வேற பக்கம் போயிடுச்சு. கார்டு கெட்டுப் போகலை, நல்லாத்தான் இருந்திருக்கும்.

வூடூ கதையும் நல்லபடியா முடியலை. 1998 கடைசியில 3டிஎஃப்எக்ஸ், எஸ்டிபின்னு கார்டு செய்யற ஒரு கம்பெனியை வாங்கறதா அறிவிச்சாங்க. இனிமே நாங்களே கார்டு செஞ்சு நாங்களே விப்போம்னு ஆச்சு. அதுவரை இவங்க சிப்பை வாங்கி கார்டு செஞ்ச மத்த கம்பெனிக்காரங்க எங்க போவாங்க? என்விடியாகிட்ட போனாங்க. 1999ல ஜீஃபோர்ஸ் 256. ஜிபியுங்கிற பேரை என்விடியா விளம்பரத்துல ஊதித்தள்ளினது அப்பத்தான். 2000 டிசம்பர்ல 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துபத்தை என்விடியாவுக்கே வித்துட்டு மூட்டையைக் கட்டிச்சு. வூடூ வச்சிருந்தவங்களுக்கு அதோட டிரைவர் கிடையாது. ரசிகர்களே உட்கார்ந்து வருஷக்கணக்கா டிரைவர் எழுதி ஓட்டினாங்க. டிரைவர் நின்னு போனா என்ன ஆகும்னு கவலைப்பட்ட எனக்கு இந்தக் கதை கொஞ்சம் தெம்பு கொடுத்துச்சு.

இப்ப பேரு விஷயம். எனக்கு இதுலதான் ஆத்திரம் ஜாஸ்தி.

2001ல ஜீஃபோர்ஸ் 3 வந்துச்சு. ஷேடர்னு சொல்ற, கேம் எழுதறவனே நிரல் எழுதி ஒளியையும் நிழலையும் மாத்திக்கிற வசதி அதுல இருந்துச்சு. 2002 பிப்ரவரியில ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ். மூணை விட நாலு பெருசு, ஒண்ணாப்பு பையனுக்குத் தெரியும். ஆனா எம்எக்ஸுக்குள்ள இருந்தது ஜீஃபோர்ஸ் 2 வம்சம். பிக்சல் ஷேடர் கிடையாது. விலை கம்மி, நம்ம ஊர்க் கடைகள்ல சக்கைப்போடு போட்டுச்சு எம்எக்ஸ் 440. 2003 கடைசியில பிரின்ஸ் ஆஃப் பெர்சியா சாண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தப்ப, எம்எக்ஸ்ல ஓடாதுன்னுட்டாங்க. ஆரஞ்சு மானிட்டர்ல ஓடின இளவரசன் ஜீஃபோர்ஸ் 4ல ஓடலை! அப்பவும் '3டி அனலைஸ்'னு ஒரு குட்டி புரோகிராம் வந்து ஏதோ பொய் சொல்லி ஓட வச்சுது. சிம்சிஜிஏவோட பேரன்.

இந்த வித்தையை அவங்க விட்டாங்கன்னு நினைக்காதீங்க. 2014ல ஜிடிஎக்ஸ் 970. 4 ஜிபின்னு போட்டிருந்தாங்க. அதுல வேகமா ஓடறது மூணரைதான், கடைசி அரை ஜிபி நொண்டும். அமெரிக்காவுல கேஸ் போட்டு 2016ல ஆளுக்கு 30 டாலர் தர்றதா சமரசம் ஆச்சு. என் 1060லயே 3 ஜிபின்னு ஒரு தம்பி உண்டு. மெமரிதான் கம்மின்னு நினைச்சு வாங்குவாங்க. உள்ளே கோர் எண்ணிக்கையும் 1280லேருந்து 1152 ஆக் குறைச்சிருப்பாங்க. 2022ல ஆர்டிஎக்ஸ் 4080ன்னே ரெண்டு கார்டு அறிவிச்சாங்க, 16 ஜிபி ஒண்ணு, 12 ஜிபி ஒண்ணு. ரெண்டும் வேற வேற சிப்பு. ஜனங்க காறித் துப்பினதும் 12 ஜிபியை வாபஸ் வாங்கிட்டு, 2023 ஜனவரியில 4070 டிஐன்னு பேரை மாத்தி வித்தாங்க. பேரு வைக்கிறதுல நம்ம ஜவுளிக்கடை ஆடித்தள்ளுபடி தோத்துடும்.

பொறுத்தா லாபமாங்கிறதுக்கும் சரித்திரத்துல ரெண்டு பதிலும் இருக்கு. 2006 நவம்பர்ல 8800 ஜிடிஎக்ஸ் 599 டாலர். 2007 அக்டோபர்ல வந்த 8800 ஜிடி அதோட வேகத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுச்சு, விலை சுமார் 250 டாலர். ஒரு வருஷம் பொறுத்தவன் பாதிக்கும் கீழே வாங்கினான். அதே நம்பிக்கையில 2020ல பொறுத்தவன் செத்தான். ஈதர் காசு தோண்டறவங்க கார்டை மொத்தமா அள்ளிக்கிட்டுப் போனாங்க. 2021 பிப்ரவரியில 3060 விட்டப்ப, தோண்டுனா வேகம் பாதியாகிற மாதிரி பூட்டு போட்டிருக்கோம்னு என்விடியா சொன்னாங்க. அடுத்த மாசமே அந்தப் பூட்டைத் திறக்கிற டிரைவரைத் தவறுதலா அவங்களே வெளியிட்டாங்க. சாவியையும் பூட்டோட தொங்கவிட்ட கதை. 2022 செப்டம்பர் 15ல ஈதரியம் முறையை மாத்தினப்புறம் தோண்டற வேலை நின்னுச்சு, பழைய கார்டெல்லாம் சந்தைக்கு வந்து குவிஞ்சது.

இப்ப தோண்டறவங்க இடத்துல வேற ஆளுங்க. 2012ல டொரான்டோ பல்கலைக்கழகத்துல அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கெவர், ஹின்டன் மூணு பேரும் படத்தைப் பார்த்து அது என்னன்னு சொல்ற போட்டியில ஜெயிச்சாங்க. அவங்க பயன்படுத்தினது ரெண்டு ஜிடிஎக்ஸ் 580. நாம கேம் விளையாட வாங்கற அதே கார்டு. அஞ்சாறு நாள் ஓட்டியிருக்காங்க. இன்னிக்கு நடக்கிற ஏஐ கூத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி அதுதான். 2025 ஜனவரியோட முடிஞ்ச கணக்கு வருஷத்துல என்விடியாவோட மொத்த வருமானம் 13,050 கோடி டாலர். அதுல டேட்டா சென்டர் 11,500 கோடிக்கு மேல. கேமிங் சுமார் 1,135 கோடி. நாம இப்ப பந்தியில கடைசி வரிசை. எப்ப இலை போடுவாங்கன்னு தெரியாது. பொறுத்தா விலை குறையும்ங்கிற பழைய கணக்கை இனிமே நம்ப முடியாதுன்னு எனக்குத் தோணுது. 2025 கடைசியில ராம் விலை ஏறினதும் இதே ஏஐ புண்ணியம்தான்.

இந்த இடத்துல என் மனசு "அப்ப வாங்கிடு, வாங்கிடு"ன்னுச்சு. உண்மையைச் சொல்லணும்.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. 2018 செப்டம்பர்ல ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வந்தப்ப, ஒளிக்கதிரை ஒவ்வொண்ணாத் தொடர்ந்து போய் வரையறோம்னு ரே டிரேசிங் பெருமை பேசினாங்க. கார்டு வந்த அன்னிக்கு அதைக் காட்ட ஒரு கேம் இல்லை. நவம்பர்ல பேட்டில்ஃபீல்ட் 5க்கு ஒட்டு போட்டுத்தான் முதல்ல பார்க்க முடிஞ்சுது. அப்ப வாங்காம இருந்ததுக்கு நான் என் முதுகைத் தட்டிக்கிட்டேன். ஆனா 2024 டிசம்பர்ல வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் வன்பொருள் இல்லைன்னா ஓடாது. 2025 மே 15ல வந்த டூம் தி டார்க் ஏஜஸும் அப்படியே. 386ல கார்டே இல்லாம ஓடின டூம், என் 1060ல ஓட மாட்டேங்குது. ஏழு வருஷம் "தேவையில்லை"ன்னு சொன்னது, ஒரு நாள் வாசல்ல நின்னு "டிக்கெட் இருக்கா"ன்னு கேக்குது. மறுபடி 4 எம்எக்ஸ் கதைதான், இந்தத் தடவை என் வீட்டுல.

சரி வாங்கிடலாம்னு பேப்பர் பேனாவோட கணக்குப் போட்டேன். 5070 தின்னறது 250 வாட். என்விடியா சொல்ற பவர் சப்ளை 650. என்கிட்ட இருக்கிறது 450. ஆக அது ஒண்ணு. என் யுபிஎஸ் 600 விஏ, 1060ஓட 120 வாட்டுக்கே மூச்சு வாங்கும். கறம்பக்குடியில யுபிஎஸ் இல்லாம பொட்டி வைக்கிறது குடை இல்லாம ஐப்பசியில வெளியே போற மாதிரி. 2012ல ஒரு நாளைக்கு 12 மணி நேரம், அதுக்கும் மேல கரண்ட் போன காலத்துல பழகின பழக்கம். கஜா சமயத்துல எங்க வீட்டுக்கு கரண்ட் வர மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. இப்ப அவ்வளவு மோசமில்லைன்னாலும், சாயங்காலம் லைட் மங்கிப் பிரகாசிக்கிறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு 59,000 ரூபா கார்டை ஓட்ட எனக்கு தைரியம் இல்லை. ஆக புது யுபிஎஸ்.

சிபியு ஐ5 ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா எட்டாம் தலைமுறைக்குக் கீழே பொதுவா ஏத்துக்காது. அதுக்கும் மேல, இந்த சிபியு 5070க்கு தீனி போட முடியாது. எங்க ஊர்ல இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர்ல ஊறுறது அஞ்சு ஹெச்பிக்குத்தான்னா ஏழரை ஹெச்பி மோட்டாரை இறக்கினா என்ன ஆகும்? காத்தைத்தான் இறைக்கும். மானிட்டரும் 60 ஹெர்ட்ஸ்தான். சிபியு, போர்டு, ராம், பவர் சப்ளை, யுபிஎஸ், முடிஞ்சா மானிட்டர்... சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கரண்ட் பில்லையும் விடலை. 1060க்கும் 5070க்கும் 130 வாட் வித்தியாசம். தினம் ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 120 மணி. கிட்டத்தட்ட 16 யூனிட். பூ இவ்வளவுதானான்னு தோணும். ஆனா எங்க வீட்டு மீட்டர் ஒவ்வொரு தடவையும் 490ல வந்து நிக்கும். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 101லேருந்து 200 வரைக்குமான சலுகை போயிடும். தங்கமணி அந்த 500 கோட்டை எல்லைச்சாமி மாதிரி காவல் காக்கறவங்க.

அப்புறம் அந்த மேடைப் பேச்சு. 2025 ஜனவரியில ஹுவாங் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு, 549 டாலர் 5070ல 4090ஓட வேகம்னு சொன்னாரு. எப்படின்னு பார்த்தா, நாலு ஃபிரேம்ல ஒண்ணைத்தான் கார்டு நிஜமா வரையும். மிச்ச மூணையும் ஏஐ நடுவுல இட்டு நிரப்பும். கண்ணுக்கு வழவழன்னு இருக்கும். ஆனா நீங்க பட்டனை அமுக்கினா எதிர்வினை நிஜ ஃபிரேம் வேகத்துலதான் வரும். நல்லா இல்லைன்னு சொல்ல மாட்டேன், 4090னு சொன்னதுதான் 4 எம்எக்ஸ் வாசனை அடிக்குது. போதாக்குறைக்கு 50 வரிசையில 32 பிட் பிஸ்எக்ஸை எடுத்துட்டாங்க. மிர்ரர்ஸ் எட்ஜ், பேட்மேன் அர்க்கம் மாதிரி பழைய கேம்ல அந்த வசதியைப் போட்டா புதுக் கார்டு திணறுச்சு. கத்தின கத்துல பிறகு சில கேமுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தாங்க.

இதுலதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. போன ரெண்டு மாசத்துல நான் எதை எவ்வளவு நேரம் விளையாடினேன்னு எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல 2010க்கு முந்தின கேம். அதுல பெரும்பங்கு வைஸ் சிட்டி. 2011ல அரசாங்கம் கொடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்புல எங்க தெருப் பசங்க எந்தக் கார்டும் இல்லாம ஓட்டின அதே வைஸ் சிட்டி. டூம் புதுசை வாங்கினா எத்தனை நாள் விளையாடுவேன்? ஒரு வாரம். பத்து நாள்?

போன வெள்ளிக்கிழமை மெக்கானிக் அண்ணன்கிட்ட புது மோட்டாருக்கு முன்பணம் கொடுத்தாச்சு. தங்கமணிகிட்ட சொன்னதுக்கு, "சரி, அந்தப் பொம்மை எவ்வளவுன்னு சொன்னீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். ஒண்ணும் சொல்லலை, உள்ளே போயிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை 1060ஐக் கழட்டி ஃபேன்ல இருந்த தூசியெல்லாம் பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி, தெர்மல் பேஸ்ட் மாத்தி மறுபடி சொருகினேன். எட்டு டிகிரி குறைஞ்சிருக்கு. 2028 அக்டோபர் வரைக்கும் ஒட்டு வரும். அப்புறம் வூடூக்காரங்க வழி இருக்கவே இருக்கு.

பி.கு: உங்கள்ல யாராச்சும் ஜிஸ்ட் கார்டை நேர்ல பார்த்திருக்கீங்களா? தாலுகா ஆபீஸ், பேங்க், பத்திரிகை ஆபீஸ் எங்கயாச்சும்? அதுல தமிழ் எப்படித் தெரிஞ்சது, கொம்பெல்லாம் ஒழுங்கா உட்கார்ந்துச்சான்னு சொல்லுங்க. பரண்ல ஒண்ணு கிடந்தா இன்னும் சந்தோஷம், பஸ் பிடிச்சு வந்து பார்த்துட்டுப் போறேன்.